யாழ்ப்பாணத்தில் ஓடும் வேன் தென்காசிக்கு ஏன் வரவில்லை?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் இடைப்பட்ட சாலையோரங்களில் நிற்கும் வாகனங்களைக் கொண்டே தமிழ்க் குடும்பத்தின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். பேருந்தில் வருவோரையும் இருசக்கர வாகனங்களில் வரும் இளைஞர்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால், கண்ணில் அதிகம் படுபவை ஏழெட்டுப் பேர் அமரும் வண்டிகள்தாம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக்குழந்தைகள், கூடவே வெளியூரிலிருந்து வந்த அத்தை. இவர்களோடு எண்ணெய்க் குப்பிகள், ஈரத்துணிப் பை, சாப்பாட்டுத் தூக்குகள். ஐந்து பேர் அமரும் காருக்குள் இத்தனையும் அடங்காது.

இத்தகைய வண்டிகளை 'ஜப்பான் வண்டி' என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக நான் ஓட்டி வருகிறேன். அதனாலேயே, வளைகுடா நாடுகளில் பணிபுரியும் உறவினர்களும் நண்பர்களும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். 'ஜப்பானில் ஓடிய நல்ல வேன் ஒன்றை நேரடியாகவே இறக்குமதி செய்துகொள்ள முடியாதா? பக்கத்தில் இலங்கையில் எல்லோரும் அதைத்தானே ஓட்டுகிறார்கள்?' கடையநல்லூரிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் வெளிநாட்டு வருவாயில் வாழும் குடும்பங்கள் ஏராளம். எனவே, இது ஏதோ சிலரின் ஆசை என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. விரிவாகவே விடை சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில் ஒரு தெளிவு. நாம் ஜப்பான் வண்டி என்று அழைக்கும் இன்னோவா, ஜப்பானியச் சாலைகளில் விற்பனைக்கு வந்ததே இல்லை. அதன் மூதாதை, இந்தோனேசியாவில் 1977-இல் அறிமுகமான 'கிஜாங்'. அந்நாட்டு மொழியில் அதற்கு மான் என்று பொருள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குவாலிஸ் 2000-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாரானது. 2005-இல் அதன் இடத்தில் இன்னோவா அமர்ந்தது. வடிவமைப்பு ஜப்பானிய நிறுவனத்தினுடையது. ஆனால், லாரியைப் போன்ற உறுதியான அடிச்சட்டமும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அந்த வண்டி, கரடுமுரடான சாலைகளையும் கூடுதல் சுமையையும் மனத்தில் வைத்து, வளரும் நாடுகளுக்கென்றே உருவாக்கப்பட்டது. அதற்கும் முன்பாக, 1984-இல் வந்த மாருதி வேன்தான் ஜப்பானிய வேன் என்பதையே நமக்கு அறிமுகப்படுத்தியது. பின்னாளில் 'ஆம்னி' என்று பெயர் பெற்ற அதன் தயாரிப்பு 2019-இல்தான் நின்றது.

ஜப்பானியர்கள் தங்கள் குடும்பத்துக்கென்று வாங்கும் மினிவேன் வேறு வகை. டொயோட்டா நோவா, நிசான் செரீனா, ஹோண்டா ஸ்டெப்வேகன் ஆகியவை அங்கு பெயர் பெற்றவை. தாழ்வான தளம், பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் கதவு, உள்ளே நடந்து செல்லும் அளவுக்கு உயரம், மடித்து வைக்கக்கூடிய கடைசி இருக்கை ஆகியவை இவற்றின் இலக்கணம். முழங்கால் வலி உள்ள மூதாட்டி ஒருவர் இன்னோவாவில் ஏற, ஒரு கையால் மேல்பிடியைப் பற்றி, மற்றொரு கையை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மினிவேனில் அவர் திண்ணையில் ஏறுவதைப் போல ஏறிவிடலாம். குற்றாலத்தின் நெருக்கமான வாகன நிறுத்தத்தில், அடுத்த வண்டியின் மீது கதவு இடித்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. ஆக, வளைகுடா உறவினர்களின் ஆசை பகட்டினால் வருவதன்று. அதில் நியாயம் இருக்கிறது.

இலங்கையில் இது எப்படிச் சாத்தியமாகிறது? ஜப்பானைப் போலவே இலங்கையிலும் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. எனவே, வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட வண்டிகளை அப்படியே ஓட்டலாம். இந்தியாவைப் போல அங்கு பெரிய மோட்டார் வாகனத் தொழில் இல்லாததால், பாதுகாக்க வேண்டிய உள்நாட்டு உற்பத்தியும் குறைவு. ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் 'ஷாகென்' எனப்படும் கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அதற்கான செலவைத் தவிர்க்கப் பலர் நல்ல நிலையில் உள்ள வண்டியையே மாற்றிவிடுகின்றனர். அவை ஏலத்துக்கு வந்து, கப்பலேறுகின்றன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் 'வான்' என்றாலே மக்கள் மனத்தில் தோன்றுவது டொயோட்டா ஹையேஸ்தான். அதன் ஒரு வடிவத்துக்கு 'டொல்பின்' என்று செல்லப் பெயரே உண்டு.

ஆனால், அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. அன்னியச் செலாவணியைக் காக்க 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை இலங்கை நிறுத்தியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பல ஆண்டுகள் ஓடிய வேன்கள், வாங்கிய விலையையும் தாண்டி விற்றன. ஒரு நாட்டின் குடும்ப வாகனம் முழுவதும் கப்பலை நம்பியிருந்தால், கருவூலம் வறண்ட நாளில் குடும்பமும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பயன்படுத்திய வாகனத்தை இந்தியாவில் இறக்குமதி செய்வது முற்றாகத் தடைசெய்யப்படவில்லை. ஆனால், நிபந்தனைகள் ஏறக்குறைய அதே விளைவைத் தருகின்றன. வாகனம் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். முகப்பு விளக்குகள் இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். இந்தியாவில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் சாலையில் ஓடும் தகுதிக்கு உறுதி அளிக்க வேண்டும். சோதனைச் சான்றுகள் தனி. இத்தனைக்கும் மேலாக, அதை மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே கொண்டுவர முடியும். தென்காசிக்காரருக்குத் தூத்துக்குடித் துறைமுகம் சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் பயனில்லை.

இங்குதான் வளைகுடா நண்பர்களின் கனவு உடைகிறது. துபாயிலும் தோஹாவிலும் ரியாத்திலும் போக்குவரத்து சாலையின் வலப்புறம். அங்குள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். ஆகவே, அங்கு அவர்கள் பல ஆண்டுகள் போற்றிப் பராமரித்த வேன், முதல் நிபந்தனைகளிலேயே தோற்றுவிடுகிறது. கேரளச் சாலைகளில் சில வேளைகளில் தென்படும் வளைகுடாப் பதிவெண் கொண்ட கார்கள், 'கார்னே' என்ற பன்னாட்டு அனுமதியின் கீழ்த் தற்காலிகமாக வந்தவை. குறித்த காலத்துக்குள் அவற்றைத் திருப்பிக் கொண்டு சென்றாக வேண்டும். அவற்றை இங்கு விற்க முடியாது.

அடுத்தது வரி. பயன்படுத்திய காருக்கான சுங்க வரி நூறு விழுக்காட்டையும் தாண்டுகிறது. எளிய கணக்குக்காக நூறு என்றே வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ரூபாய் வண்டி துறைமுகத்திலேயே இருபது லட்சமாகிறது. அந்தத் தொகையின் மீது 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 28 லட்சம். பிறகு சோதனைச் செலவு, மாநில அரசின் ஆயுள்கால வரி, காப்பீடு. நிறுவனமே முழுமையாக இறக்குமதி செய்து விற்கும் டொயோட்டா வெல்ஃபயரின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டுவதன் காரணமும் பெருமளவு இதுதான்.

எப்படியோ கொண்டுவந்துவிட்டாலும், வைத்து ஓட்டுவது வேறொரு பாடு. தென்காசியிலோ செங்கோட்டையிலோ எந்தப் பணிமனையிலும் இன்னோவாவின் கிளட்சைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார்கள். ஜப்பானிய மினிவேனின் நகரும் கதவில் உள்ள மோட்டார் பழுதானால், உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும். முன்கண்ணாடியில் கல் பட்டாலும் அதே கதைதான். நகரச் சாலைகளுக்கென வடிவமைத்த தாழ்வான அடிப்பகுதி நம் வேகத்தடைகளில் உரசும். வண்டியின் வானொலிகூட முழுமையாகப் பயன்படாது. ஜப்பானின் பண்பலை வரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-இல் முடிந்துவிடுகிறது. நம் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலேதான் ஒலிக்கின்றன.

இந்த வேலியைத் தாண்டக் குறுக்கு வழி தேடுவோரும், அவர்களிடம் ஏமாறுவோரும் உண்டு. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் பெரிய சோதனையை நடத்தியது. பூடானிய மொழியில் அதற்கு வாகனம் என்று பொருள். பூடான் வழியாகப் பழைய வெளிநாட்டு வாகனங்களைக் கடத்தி வந்து, போலி ஆவணங்களால் வட மாநிலங்களில் பதிவுசெய்து விற்றதாகக் குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கைப்பற்றப்பட்டன. புளியரையைத் தாண்டினால் கேரளம் என்ற நிலையில் வாழும் நமக்கு, இது தொலைதூரச் செய்தியன்று. மலிவாக வெளிநாட்டு வண்டி கிடைக்கிறது என்று யாரேனும் சொன்னால், ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. 'பில் ஆஃப் என்ட்ரி' எனப்படும் சுங்க ஆவணத்தையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள அடிச்சட்ட எண்ணை வண்டியில் உள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும். கடத்தல் வண்டி என்று தெரியவந்தால், பணம் கொடுத்து வாங்கியவரிடமிருந்துதான் அது பறிமுதலாகும். வாழ்நாள் சேமிப்பு அத்துடன் போய்விடும்.

அப்படியானால், இறக்குமதிக் கதவை அகலத் திறந்துவிடுவதுதான் தீர்வா? இல்லை என்பதே என் கருத்து. பிறநாடுகள் கழித்துக்கட்டும் வாகனங்களின் கிடங்காக இந்தியா மாறிவிடக் கூடாது. பிடதியிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வளர்ந்ததற்கும், லட்சக்கணக்கானோருக்கு வேலை கிடைத்ததற்கும் அந்த வேலியும் ஒரு காரணம். ஆனால், வேலி போட்டவர்களுக்கு, வேலிக்கு உள்ளே மக்களுக்குத் தேவையான வண்டி விளைகிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு.

அந்தக் கடமையில்தான் நாம் தவறுகிறோம். 2012-இல் நிசான் நிறுவனம் 'எவாலியா' என்ற வண்டியை ஒரகடத்தில் தயாரித்து விற்றது. நகரும் கதவு, தாழ்வான தளம் என அசல் ஜப்பானிய மினிவேன் அது. தமிழ் மண்ணிலேயே உருவானது. சரக்கு வேனைப் போல் தோற்றமளிக்கிறது என்று வாங்குவோர் ஒதுங்கினர். சில ஆண்டுகளில் அது மறைந்தும் போனது. அன்று தோற்றம் பார்த்து ஒதுங்கிய தலைமுறைக்கு இன்று முழங்கால் வலிக்கிறது. தமிழ்நாடோ, இந்தியாவில் முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று. அந்த வகை வண்டிக்கான காலம் உண்மையில் இப்போதுதான் வந்திருக்கிறது.

வரி விதிப்பும் குடும்பத்துக்கு எதிராகவே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாத சிறிய கார்களுக்கு 18 விழுக்காடு; பெரியவற்றுக்கு 40 விழுக்காடு. எட்டுப் பேர் கொண்ட குடும்பம் இரண்டு சிறிய கார்களில் குற்றாலத்துக்கு வந்தால், சாலையில் கூடுதல் இடம், கூடுதல் எரிபொருள், இரண்டு ஓட்டுநர்கள். வரியோ குறைந்த விகிதத்தில். ஒரே வேனில் வந்தால், சொகுசுக் காருக்குரிய விகிதம். வண்டியின் நீளத்தையும் என்ஜின் அளவையும் பார்க்கும் சட்டம், அதில் எத்தனை பேர் பயணிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. நியாயமான விலையில், எட்டுப் பேர் அமரும் தாழ்தள வேன்களுக்கு இடைப்பட்ட வரி விகிதம் ஒன்றை ஜி.எஸ்.டி. மன்றம் பரிசீலிக்க வேண்டும். தமிழக அரசு அதை வலியுறுத்தவும் வேண்டும்.

அதுவரை, கையில் இருக்கும் வண்டியை முறையாக ஓட்டுவது நம் பொறுப்பு. புளியரையின் எஸ் வளைவில், கனரக லாரிகளுக்கு இடையே மலையிறங்கும்போது, கீழ் கியரில் என்ஜினின் பிடியிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எட்டு இருக்கை என்பது எட்டுப் பேருக்குத்தான். மடியில் குழந்தை, நடுவில் கூடுதலாக ஒருவர் என்ற கணக்கு வளைவுகளில் உயிரை எடுத்துவிடும். பின்னிருக்கையில் அமர்வோருக்கும் சீட் பெல்ட் சட்டப்படி கட்டாயம். ஐயப்பன் சீசனில் 'ஓன் போர்டு' வண்டியை வாடகைக்கு அனுப்புவோர், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு வரும் உறவினரிடம் நான் சொல்லப்போவது இதைத்தான்: ஜப்பானிலிருந்து வேனைக் கொண்டுவரும் முயற்சியில் பணத்தையும் மன நிம்மதியையும் இழக்க வேண்டாம். பாட்டி பிறர் கையைப் பிடிக்காமல் ஏறி அமரும் வண்டி இங்கேயே, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் தயாராக வேண்டும் என்று உற்பத்தியாளர்களிடமும் அரசிடமும் கேட்போம். செய்யத் தெரிந்த கைகளும் தொழிற்சாலைகளும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.