வீட்டு வளவில் மீனும் கீரையும்: ஒரே நீரில் இரு விளைவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிகாலத்திற் பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கின்றது. நெல்வயல் மழையை நம்பியுள்ளது. வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை ஆகியன கிணற்றை நம்பியுள்ளன. குடிநீரும் அதே நிலத்தடி நீரிலிருந்தே பெறப்படுகின்றது.

செம்பாட்டு மண்ணில் நீர் விரைவில் இறங்கும். பயிர் உண்ணாது விட்ட யூரியா நைத்திரேற்றாக மாறி, இறைத்த நீருடனும் மழைநீருடனும் கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனுடன் சேர்கின்றது. 1980களிலேயே குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இக்கேடு ஆய்வுகளாற் கண்டறியப்பட்டது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அவ்வளவை மிஞ்சிய நீரிற் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

குடிநீரில் நஞ்சாகும் இந்நைத்திரேற்றே பயிருக்கு உணவாகும். ஆகவே, அது நிலத்துள் இறங்காமல் ஒரே நீரிற் சுழன்று, பயிராகவும் மீனாகவும் திரும்பக் கிடைக்குமாயின் நன்மை இரட்டிப்பாகும். அவ்வாறு செய்யும் முறையே மீன்பயிர்ச் செய்கை. இதனை அக்குவாபொனிக்ஸ் எனவும் அழைப்பர்.

முறையின் அடிப்படை

மீன் உண்ட உணவின் கழிவு அமோனியாவாக நீரிற் சேரும். அமோனியா மீனுக்கு நஞ்சு. கற்களின் மேற்படிந்து வாழும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், இதுவும் நஞ்சே. வேறொரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். அதனைப் பயிரின் வேர் உறிஞ்சிக்கொள்ள, நீர் தூய்மை பெற்று மீன்தொட்டிக்குத் திரும்பும். இவ்வாறு மீன், பற்றீரியா, பயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாவை மறந்து, மீனையும் பயிரையும் மட்டும் கவனிப்போரின் முயற்சி முதல் மாதத்திலேயே கெடும்.

மழைநீரைக் கூரையிலிருந்து சேகரித்துக் குடிக்கும் வேர்ஜின் தீவுகளில், ஜேம்ஸ் ராக்கோசி என்னும் ஆய்வாளர் 1980களில் இம்முறையை விரிவாக ஆராய்ந்தார். ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய நிறுவனம் சிறு அளவிலான மீன்பயிர்ச் செய்கைக்கென 2014ஆம் ஆண்டில் ஒரு விளக்கநூலை வெளியிட்டது.

தொட்டியும் பாத்தியும்

முதன்முறை தொடங்குவோர் சிறிதாகத் தொடங்குதல் நன்று. 500 லீற்றர் கொள்ளும் ஒரு தொட்டி மீனுக்குப் போதும். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி ஆழம் உள்ள பாத்தியொன்றைச் சீமெந்துக் கற்களின் மேல், தொட்டியினும் உயரமாக அமைத்தல் வேண்டும். கல்லும் நீரும் சேர்ந்து பாத்தியின் பாரம் ஏறத்தாழ ஒரு தொன் ஆகுமாதலால், தளம் உறுதியாயிருத்தல் அவசியம்.

மணிக்கு 500 லீற்றர் ஏற்றவல்ல சிறு நீர்ப்பம்பி ஒன்று தொட்டிநீரைப் பாத்திக்கு உயர்த்தும். பாத்தியிலிருந்து நீர் குழாய்வழியே தானாகத் தொட்டியில் விழும். பாத்தியின் நீர்மட்டம் கல்லின் மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்குமாறு வடிகுழாயை அமைக்க வேண்டும். தொட்டிக்கு நிழலும் பாத்திக்கு வெயிலும் வேண்டும். காகமும் பூனையும் அணுகாதவாறு தொட்டியின் மேல் வலை கட்டுதல் நன்று.

கல்லைச் சோதித்தல்

குடாநாட்டுத் தோட்டக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது இதுவே. இங்கு எளிதிற் கிடைப்பவை சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லுமாகும். அவை நீரிற் கரைந்து காரத்தன்மையை உயர்த்தும். காரம் மிகுந்த நீரில் அமோனியாவின் நஞ்சு கூடும். பயிருக்கு இரும்புச்சத்துக் கிடையாது, இளம் இலைகள் மஞ்சளிக்கும். கல்லின் மேற் சிறிது வினாகிரி விட்டால் நுரைத்து எழுமாயின் அது சுண்ணாம்புக்கல். அதனை விலக்க வேண்டும். முக்கால் அங்குலக் கருங்கற் சல்லியைக் கழுவி இடுதல் தக்கது.

கிணற்றுநீரும் சுண்ணாம்பு கலந்ததே. ஆகையால் மாரியில் கூரைநீரைச் சேகரித்து, அதனைப் பெரும்பங்காகவும் கிணற்றுநீரைச் சிறுபங்காகவும் கலந்து நிரப்புதல் சிறந்தது. பற்றீரியாவின் தொழிலால் நீர் நாளடைவில் அமிலமாகும். அப்போது சிறிது கிணற்றுநீரே அதற்கு மருந்தாகும். குளோரின் இட்ட குழாய்நீர் பற்றீரியாவைக் கொல்லும்; அதனை இரண்டு நாள் திறந்து வைத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

பொறுத்திருக்க வேண்டிய காலம்

நீர் நிரப்பியவுடன் மீன்களை நிறைய விடுதல் பெருந்தவறு. முதலில் மூன்று நான்கு குஞ்சுகளை மட்டும் விட்டு, மிகச் சிறிதளவு உணவிட்டு, நீரை இடைவிடாது சுழலச் செய்ய வேண்டும். பற்றீரியா பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். வளர்ப்பு மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் சோதனைத் துளிமருந்தால் நீரை அளந்து பார்க்கலாம். அமோனியாவும் நைத்திரைற்றும் உயர்ந்து, பின் தணிந்து, நைத்திரேற்று தோன்றிய பின்னரே ஏனைய குஞ்சுகளை விட வேண்டும்.

மீனும் பயிரும்

தொடங்குவோருக்குத் திலாப்பியா ஏற்ற மீன். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வினம் வெப்பத்தையும் நீரின் சிறு மாறுதல்களையும் தாங்கும். நுளம்புக் குடம்பிகளையும் உண்ணும். 500 லீற்றருக்குப் பதினைந்து மீன்களுக்கு மேல் வேண்டாம். இம்மீனைக் குளங்களிலோ கேணிகளிலோ விடலாகாது. அது பெருகி நாட்டு மீன்களை நெருக்கும்.

வளர்ந்த மீன்களுக்கு நாளொன்றுக்கு 60 கிராம் உணவு போதும். மேற்கூறிய அளவுள்ள கீரைப் பாத்தியின் தேவைக்கும் அது பொருந்தும். கால் மணி நேரத்தில் உண்ணாது எஞ்சிய உணவை அகற்றிவிட வேண்டும். முதற் பயிராக வல்லாரை, பொன்னாங்காணி, பசளி போன்ற கீரைகளை நடலாம். தக்காளியும் கத்தரியும் மிகுந்த சத்து வேண்டுவன. நீர் நன்கு பழகிய பின் நடத்தல் தகும்.

விலக்க வேண்டியவை

பாத்திக்குப் பூச்சிநாசினி எதனையும் தெளித்தல் ஆகாது. செப்புக் கலந்த மருந்தும் சவர்க்கார நீரும் வேப்பெண்ணெயுங்கூட மீனுக்குக் கேடு செய்யும். பூச்சிகளைக் கையாற் பொறுக்கி அழிப்பதே வழி. அயலிலுள்ள வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் மருந்து தெளிக்கும் நாளில் தொட்டியை மூடிவைக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் நீர் சுழலாது. ஒட்சிசன் குறைந்து மீன்கள் நீர்மேல் வாய் திறக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றை ஆயத்தமாக வைத்தல் நன்று. அஃதில்லாதோர் மின்சாரம் வரும்வரை தொட்டிநீரை வாளியால் அள்ளி உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஊற்றலாம். உணவிடுதலை நிறுத்திவிட வேண்டும்.

பயனும் படிப்பினையும்

இம்முறை வயலுக்கோ தோட்டத்துக்கோ ஈடாகாது. நெல்லை இதில் விளைவித்து வீட்டுக் களஞ்சியத்தை நிரப்ப இயலாது. பம்பிக்கும் தொட்டிக்கும் முதற்செலவும் உண்டு. எனினும் பயிர் உறிஞ்சியதும் வெயிலில் ஆவியானதும் தவிர, நீர் வீணாவதில்லை. வீட்டுக்கு வேண்டிய கீரையும் அவ்வப்போது மீனும் கிடைக்கும். தொட்டியின் அடியிற் படியும் சேறு வாழைக்கும் தென்னைக்கும் பசளையாகும்.

இச்சிறு தொட்டி தோட்டக்காரருக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றும் உண்டு. உணவை ஒரு கைப்பிடி கூடுதலாக இட்டால் மறுநாளே நீர் கலங்கி மீன் வாடும். தவறு கண்முன் தெரியும். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவோ கண்ணுக்குத் தெரியாமற் கிணற்றுக்கு இறங்கிவிடும். ஆகவே மண்ணைச் சோதித்து, பயிருக்கு வேண்டிய அளவை மட்டும், பல தவணைகளாகப் பிரித்து இடுதலே முறை. பசளையிட்டவுடன் மிகுதியாக இறைத்தலையும் தவிர்க்க வேண்டும். தோட்டத்துக்கு இறைக்கும் நீரையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீரையும் தருவது ஒரே நிலமே என்பதை எக்காலத்தும் மறத்தலாகாது.