மைனஸ் இரண்டு அடியில் நிற்கும் கார்

வேகமாக நடக்கும் ஒருவரின் வேகத்தில், மணிக்கு 4 மைலில், ஒரு கார் வருகிறது. பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? புள்ளியியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் கணினியில் போட்டுப் பார்க்கும் முதல் ரெக்ரஷன் மாடல்களில் ஒன்று இதற்குத் தரும் விடை மைனஸ் 1.85 அடி. பிரேக்கை மிதித்த இடத்துக்குப் பின்னால் போய் கார் நிற்கிறதாம்.

இந்த விடையைத் தரும் தரவு 1920-களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. அமெரிக்க வேளாண் பொருளாதார அறிஞர் மார்டெகாய் எசக்கியேல் 1930-இல் வெளியிட்ட புள்ளியியல் நூல்தான் இதற்கு மூலம். இன்று ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளை நிறுவினாலே ‘கார்ஸ்’ என்ற பெயரில் இது கூடவே வந்துவிடும். மொத்தம் 50 அளவீடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டே தகவல்கள்: காரின் வேகம் மைலில், நின்ற தூரம் அடியில். வேகம் 4 மைலில் தொடங்கி 25 மைலோடு முடிகிறது.

புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு ஒன்றைப் பொருத்தச் சொன்னால் மென்பொருள் தரும் சமன்பாடு இது: வேகத்தை 3.93-ஆல் பெருக்கி, அதிலிருந்து 17.58-ஐக் கழித்தால் தூரம். கூடவே 0.65 என்று ஆர்-ஸ்கொயர் மதிப்பும் வரும். தூரங்களில் காணப்படும் ஏற்ற இறக்கத்தில் 65 சதவீதத்தை இந்தக் கோடு விளக்குகிறது என்பது அதன் பொருள். புதிதாகப் படிப்பவருக்கு இந்த இடத்தில்தான் கவலை பிடிக்கிறது. மாடல் சரியாகப் பொருந்தவில்லை, இதை எப்படி 0.9-க்குக் கொண்டுபோவது என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்வியோடு தொடங்கினால் வழி தவறிவிடும் என்பதே என் உறுதியான எண்ணம். வேகத்தின் வர்க்கத்தைச் சேர், கனத்தைச் சேர், நான்காம் படியைச் சேர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். எதைச் சேர்த்தாலும் ஆர்-ஸ்கொயர் குறையாது. தொடர்பே இல்லாத எண்களைச் சேர்த்தாலும் கொஞ்சமாவது ஏறும். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கினாலும் பல நேரங்களில் ஏறும். அப்படி ஏற்றிய எண் காரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்தத் தரவில் 0.9 எட்டவே முடியாத உயரம் என்பதையும் கணக்குப் போட்டே காட்டலாம். மணிக்கு 24 மைலில் நான்கு அளவீடுகள் இருக்கின்றன: 70, 92, 93, 120 அடி. 14 மைலில் 26, 36, 60, 80 அடி. வேகம் ஒன்றுதான், தூரங்கள் வேறு. வேகத்தை மட்டும் வைத்துச் சொல்லும் எந்த மாடலும் ஒரு வேகத்துக்கு ஒரே விடையைத்தான் தர முடியும். 50 அளவீடுகளில் இருப்பவை 19 வெவ்வேறு வேகங்கள். அந்த 19 வேகங்களின் சராசரித் தூரத்தையும் பிசகாமல் தொட்டுச் செல்லும் ஒரு வளைகோட்டை வரைந்தால்கூட ஆர்-ஸ்கொயர் 0.79-ஐத் தாண்டாது.

அப்படியானால் எங்கே பார்க்க வேண்டும்? எச்சங்களை. அளந்த தூரத்திலிருந்து மாடல் சொன்ன தூரத்தைக் கழித்தால் கிடைப்பதே எச்சம். எச்சங்களை வேகத்துக்கு எதிரே புள்ளிகளாக வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். 4 மைலிலும் 24 மைலிலும் அளந்த தூரங்களின் சராசரி கோட்டுக்கு மேலே இருக்கிறது. 15, 16, 17 மைல்களில் அது கீழே இறங்குகிறது. லேசான ஒரு வளைவு அது. இன்னொன்று, வேகம் கூடக்கூடப் புள்ளிகள் பொதுவாக விரிந்துகொண்டே போகின்றன. 4 மைலில் இரண்டு அளவீடுகளுக்கும் 8 அடிதான் வித்தியாசம். 24 மைலில் 50 அடி.

படம் போடாமல் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஃபிராங்க் ஆன்ஸ்கோம் 1973-இல் காட்டினார். அவர் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுப்புகளுக்கும் ஒரே நேர்கோடுதான், ஆர்-ஸ்கொயரும் ஒரே 0.67. வரைந்து பார்த்தால் ஒன்று வளைகோடு, இன்னொன்றில் ஒற்றைப் புள்ளி மொத்தக் கோட்டையும் இழுத்துப் பிடித்திருக்கிறது.

வளைவுக்குக் காரணத்தைக் காரிடமே கேட்கலாம். ஆபத்தைப் பார்த்ததற்கும் கால் பிரேக்கை அழுத்துவதற்கும் இடையே ஓட்டுநருக்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதற்குள் கார் ஓடும் தூரம் வேகத்துக்கு நேர்விகிதம். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், ஏனென்றால் கரைக்க வேண்டிய இயக்க ஆற்றல் வர்க்கத்தில் கூடுகிறது. நிற்கும் காருக்கு நிறுத்தும் தூரமும் பூஜ்யம்தான், ஆகவே தனியாக ஒரு மாறிலி தேவையில்லை. இந்த வடிவத்தைக் கொடுத்துப் பொருத்தினால் வேகத்தின் கெழு 1.24 என்றும் வர்க்கத்தின் கெழு 0.090 என்றும் வருகின்றன.

இப்போது 4 மைலுக்கு விடை 6.4 அடி. அந்த வேகத்தில் உண்மையில் அளந்தவை 2, 10, சராசரி 6. இன்னும் ஒரு பலன் உண்டு. மணிக்கு ஒரு மைல் என்பது விநாடிக்கு 1.467 அடி. 1.24-ஐ அதனால் வகுத்தால் 0.84 விநாடி கிடைக்கிறது, அதுவே ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொண்ட நேரம். கெழுவின் பிழை வரம்பைக் கணக்கில் எடுத்தால் 0.1 முதல் 1.6 விநாடி வரை எதுவாகவும் இருக்கலாம். 50 அளவீடுகளிலிருந்து அதைவிடத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பழைய மைனஸ் 17.58-க்கு இப்படி எந்தப் பொருளும் இல்லையே!

ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது. இந்த மாடலுக்கு மென்பொருள் காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.91. எட்ட முடியாத உயரம் என்றோமே, எப்படி வந்தது? மாறிலி இல்லாத மாடலை மென்பொருள் சராசரியோடு ஒப்பிடாமல் பூஜ்யத்தோடு ஒப்பிடுகிறது. பழைய அளவுகோலிலேயே அளந்தால் மதிப்பு 0.667. தூரத்துக்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்தை வைத்து நேர்கோடு பொருத்தினால் புள்ளிகளின் விரிவு அடங்கும், ஆர்-ஸ்கொயர் 0.71 என்றும் வரும். அதையும் மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது. அளக்கப்படும் பொருளே மாறிவிட்டது. விரிவைச் சமாளிக்க, சிதறல் குறைந்த மெதுவான வேகப் புள்ளிகளுக்கு அதிக எடை கொடுத்துப் பொருத்துவது இன்னொரு வழி.

ஆக 0.651-இலிருந்து 0.667. இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவு சின்ன ஏற்றமா என்று தோன்றலாம். அதே இரண்டு மாடல்களிடமும் மணிக்கு 60 மைலில் வரும் காரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நேர்கோடு 218 அடி என்கிறது, வளைகோடு 399 அடி என்கிறது. தரவு 25 மைலோடு நின்றுவிட்டதால் இரண்டையுமே அங்கே அப்படியே நம்ப முடியாது. ஆனால் இயற்பியலோடு ஒத்துப்போவது எது என்பதில் சந்தேகமில்லை. சாலைப் பாதுகாப்புக்கு யாராவது இந்தக் கணக்கைப் பயன்படுத்தினால் அந்த 181 அடியில் உயிர்கள் இருக்கின்றன.

14 மைலில் ஒரு கார் 26 அடியிலும் இன்னொன்று 80 அடியிலும் நின்றதற்கு இந்தத் தரவில் பதில் இல்லை. டயர் தேய்ந்திருந்ததா, சாலை ஈரமா, கார் எவ்வளவு கனம், யார் ஓட்டினார் என்ற விவரங்கள் இதில் கிடையாது. எந்தச் சமன்பாட்டைப் போட்டாலும் அவை கிடைக்கப்போவதில்லை. மாடலை இதற்கு மேல் நெருக்கமாக்க வேண்டுமானால் காரையும் சாலையையும் பற்றிய அந்த விவரங்களோடு புதிதாக அளக்கத்தான் வேண்டும்.