மண்ணில் உண்டு, வேருக்கு எட்டவில்லை

சில ஆண்டுகளுக்கு முன்னர், பேர்த் நகரின் புறத்தே நாம் வாங்கிய வீட்டின் முற்றத்தில் இரண்டு கன்றுகளை நட்டேன். ஒன்று நண்பர் தந்த கறிவேப்பிலைக் கன்று. மற்றையது இந்நாட்டுக்கே உரிய பாங்சியாக் கன்று. பாரபட்சம் காட்டலாகாது என்றெண்ணி, இரண்டுக்கும் ஒரே பையிலிருந்து ஒரே அளவு பசளையை இட்டேன். கறிவேப்பிலை செழித்துத் தளிர்த்தது. பாங்சியாவோ சில வாரங்களிலே இலைகள் மஞ்சளித்து, ஓரங்கள் கருகிப் பட்டுப்போயிற்று. நீர் போதவில்லையோ என்று மேலும் நீர் ஊற்றினேன், பயனில்லை. தாவரங்களைப் பற்றி அறிந்த ஒருவரிடம் விசாரித்தபோதுதான், அதனைக் கொன்றது நான் அன்போடு இட்ட பசளையே என்பது தெரிந்தது. அப்பசளையில் மிகுந்திருந்த பொசுபரசு என்னும் மூலகமே காரணமாம்.

ஒரு செடிக்கு உணவாவது இன்னொரு செடிக்கு நஞ்சாவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொசுபரசு செய்யும் பணி

1669 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாழ்ந்த ஹென்னிங் பிரான்ட் என்பவர், மனிதரின் சிறுநீரிலிருந்து பொன் செய்யலாம் என நம்பி, அதனைக் காய்ச்சி வடித்தார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் வெண்ணிறப் பொருள் ஒன்று கிடைத்தது. 'ஒளியைத் தாங்குவது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அது பொசுபரசு எனப் பெயர் பெற்றது.

உயிர்களுக்கோ அது பொன்னினும் அரிய பொருள். இலைகள் ஒளித்தொகுப்பின்போது கதிரவனிடமிருந்து பெறும் சக்தியைக் கலத்துக்குள் ஏந்திச் செல்லும் ஏ.ரி.பி. என்னும் சேர்வையில் பொசுபரசு உண்டு. பரம்பரை இயல்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பிலும், ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்துள்ள மென்சவ்விலும் அது உண்டு. ஆகவே, வேர் பரவுவதற்கும், பூ மலர்வதற்கும், விதை திரள்வதற்கும் பொசுபரசு இன்றியமையாதது.

இது குறைந்தால் செடி குறுகி நிற்கும். இலைகள் கரும்பச்சையாகும், சோளம் போன்ற பயிர்களில் ஊதா நிறம் படரும். இக்குறி முதலில் முதிர்ந்த இலைகளிலேயே தோன்றும். தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்கு ஊட்டும் தாயைப் போல, முதிர்ந்த இலைகள் தம்மிடமுள்ள பொசுபரசை இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடுவதே அதற்குக் காரணமாகும்.

பூட்டிய பெட்டகம்

மண்ணிலுள்ள பொசுபரசு முழுவதையும் வேர் உறிஞ்ச இயலாது. நீரில் கரைந்து பொசுபேற்று அயனாக நிற்கும் மிகச் சிறு பங்கையே அது பெற முடியும். எஞ்சியது கனியங்களோடும் உக்கிய பொருள்களோடும் பிணைந்து கிடக்கும். பெட்டகம் நிறையப் பணம் இருந்தும் திறப்பு இல்லாதவன் நிலையே செடியின் நிலை.

பெட்டகத்தைப் பூட்டுபவை எவை? புளிப்பு மிகுந்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றைப் பற்றிக்கொள்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கல்சியம் அதனைப் பற்றிக்கொள்கிறது. மண்ணின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 6 முதல் 7 வரை இருக்கும்போதே இப்பிடி தளர்கிறது. அன்றியும், பெரும்பாலான மண்களில் பொசுபேற்று இருந்த இடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை. வேர்தான் அதனைத் தேடிச் செல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணை எண்ணிப் பாருங்கள். அதன் செந்நிறத்துக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டு. அதன் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக் கல். எமது முன்னோர் தோட்டங்களில் இரவில் மாடுகளையும் ஆடுகளையும் பட்டியடைத்தனர். பூவரசங் குழைகளை வெட்டித் தாழ்த்தனர். எருவும் குழையும் உக்கும்போது பொசுபேற்று சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. அப்போது உண்டாகும் சேதன அமிலங்கள், இரும்பும் கல்சியமும் பற்றிய பொசுபேற்றை விடுவிக்கவும் உதவுகின்றன. அயன் என்ற சொல்லை அறியாமலே அவர்கள் பெட்டகத்தின் திறப்பைக் கையில் வைத்திருந்தனர்.

பேர்த் நகரின் கரையோர மணலோ இதற்கு நேர்மாறானது. அதில் பொசுபேற்றைப் பற்றிக்கொள்ளும் இரும்பும் களியும் மிகக் குறைவு. நாம் இடும் பசளையை மழைநீர் கழுவிச் சென்றுவிடும்.

வேர்களின் சாமர்த்தியம்

இக்குறையை வெல்லத் தாவரங்கள் பல வழிகளைக் கண்டுள்ளன. நிலத்தாவரங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, வேரில் வாழும் பங்கசுக்களோடு கூட்டுறவு கொண்டுள்ளன. வேர் புக முடியாத நுண்ணிய இடைவெளிகளிலும் பங்கசின் இழைகள் புகுந்து பொசுபேற்றைக் கொணரும். செடி அதற்குக் கைம்மாறாகச் சர்க்கரையை வழங்கும்.

பாங்சியாவின் வழி வேறு. மேற்கு அவுஸ்திரேலியாவின் மண் மிகப் பழைமையானது. அண்மைக் காலத்தில் எரிமலைகளோ பனிப்பாறைகளோ இம்மண்ணைப் புதுப்பிக்கவில்லை. எண்ணற்ற ஆண்டுகளாக மழையில் கழுவுண்டு பொசுபரசை இழந்துவிட்டது. அதில் வாழப் பழகிய பாங்சியா, தூரிகை போன்ற அடர்ந்த கொத்து வேர்களை உண்டாக்கி, அவற்றிலிருந்து சேதன அமிலங்களைச் சுரந்து, பூட்டுண்ட பொசுபேற்றை விடுவித்து உண்கிறது. வறுமைக்கே பழகிய இச்செடிகளுட் பல, கிடைப்பதையெல்லாம் உறிஞ்சுமேயன்றி, போதும் என்று நிறுத்த அறியா. ஆதலால், வளமான பசளை இலைகளிலே நஞ்சாகத் திரள்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே மெய்யாகிறது.

தீவுகள் கொடுத்த விலை

1842 இல் ஜோன் பெனற் லோஸ் என்னும் ஆங்கிலேயர், பொசுபேற்றுக் கனியத்தைச் சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்து, எளிதில் கரையும் சுப்பர் பொசுபேற்று என்னும் பசளையைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவுஸ்திரேலியாவின் கோதுமை வயல்கள் அதனாலேயே விளைந்தன. அதற்கு வேண்டிய கனியம் நவூறு, கிறிஸ்மஸ் தீவு முதலிய சிறு தீவுகளிலிருந்து அகழப்பட்டது. நவூறுத் தீவின் நடுப்பகுதி பயிர் செய்ய இயலாத கற்கூர்களின் காடாயிற்று. 1989 இல் அந்நாடு அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. 1993 இல் அவுஸ்திரேலியா இழப்பீடு வழங்க உடன்பட்டது.

இலங்கையிலும் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971 இல் பொசுபேற்றுப் படிவு கண்டறியப்பட்டது. அது எளிதில் கரையாத இனமாதலால், தேயிலை, தென்னை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கே நேரடியாகப் பயன்படுகிறது. அதனைப் பெருமளவில் அகழும் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2000 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

நைதரசனைக் காற்றிலிருந்து பெறலாம். பொசுபரசுக்கு அத்தகைய ஊற்று இல்லை. உலகின் பொசுபேற்றுக் கனிய இருப்பில் ஏறத்தாழ 70 வீதம் மொரோக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் உள்ளது. வயல்களில் இடப்பட்டு நீரோடு போனதை மீளப் பெறுவதும் எளிதன்று.

நீரில் போனது எங்கே போயிற்று?

பேர்த்துக்குத் தெற்கே, மண்டுராவில் உள்ள பீல்-ஹாவிக் கழிமுகம் இதற்குச் சான்று. மணற்பாங்கான பண்ணை நிலங்களிலிருந்து கழுவுண்டு வந்த பொசுபரசால், 1970களின் இறுதி தொடக்கம் அங்கே நீலப்பச்சை அல்கா பெருகியது; நீர் துர்நாற்றம் வீசியது. கடல்நீர் புகுந்து கழுவும்படி டோஸ்வில் என்னுமிடத்தில் கால்வாய் வெட்டி 1994 இல் திறக்கவேண்டியதாயிற்று. வயலிலே வீணான பசளைக்கு இரண்டாம் முறையும் விலை கொடுக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, பசளை இடுமுன் மண்ணைப் பரிசோதியுங்கள். பையிலுள்ள மூன்று எண்களுள் நடுவில் உள்ளதே பொசுபரசைக் குறிப்பது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பாங்சியா, கிரெவில்லியா போன்ற இந்நாட்டுச் செடிகளுக்குப் பொசுபரசு மிகக் குறைந்த பசளையையே இடுங்கள். மரக்கறிப் பாத்திக்குச் சமையலறைக் கழிவுகளால் ஆக்கிய கூட்டெருவைச் சேருங்கள். பெருமழைக்கு முன் பசளை தூவாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை புதர்க்காட்டுக்குச் செல்லும்போது பாங்சியா மரத்தின் அடியிலுள்ள சருகை மெல்ல விலக்கிப் பாருங்கள். மழைக்காலமாயின், மண்ணின் மேற்படையிலே வெண்ணிறக் கொத்து வேர்கள் விரிந்திருப்பதைக் காணலாம். பார்த்தபின் சருகை முன்போல மூடிவிடுங்கள். என் முற்றத்தில் இப்போது இரண்டாவது பாங்சியா நிற்கிறது. அதற்கு நான் பசளை எதுவும் இடவில்லை. சென்ற ஆண்டு அது பூத்தது.