குறைந்த நினைவு, நிறைந்த அறிவு

நுழையும்முன்

கண்டவை அனைத்தையும் நினைவில் தேக்குவதே அறிவு என்று எண்ணுவோர் உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது எனத் தேர்வதும் அறிவின் பணியே. எந்திரக் கற்றலில் அத்தேர்வு நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காரையில் கிடைத்த கல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் கிரெட்டேசியக் காலத்தில் கடலடியில் இருந்தன. காரையை ஒட்டிய களிமண் மேடுகளை மழைநீர் அரிக்கும்போது, சுருள் வடிவ அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்டினாண்டு ஸ்டோலிச்கா, இப்பகுதியின் தொல்லுயிரிகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார்.

புதிதாக ஒரு படிவம் கிடைத்தால் அதன் விட்டம், சுருளின் அகலம், வரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து, முன்பே பெயரிடப்பட்ட மாதிரிகளோடு ஒப்பிடலாம். எம்மாதிரியோடு வேறுபாடு மிகக் குறைவோ, அதன் இனமாகவே புதியதையும் கருதலாம். கணிப்பொறி இவ்வேறுபாட்டைத் ‘தொலைவு’ என்னும் எண்ணாகக் கணக்கிடுகிறது. இதுவே அண்மை அயல் முறை. 1951இல் ஈவ்லின் பிக்சு, ஜோசப் ஹாட்ஜஸ் ஆகியோர் இதற்கு அடித்தளமிட்டனர்.

நினைவின் சுமை

இம்முறை எளியது, ஆயினும் பெருஞ்சுமை உடையது. ஒரு படிவத்திற்கு 20 அளவுகள், ஓர் அளவிற்கு 4 பைட்டு எனக் கொண்டால், 10,000 படிவங்களுக்கு 8,00,000 பைட்டு வேண்டும். அர்டுயினோ ஊனோ என்னும் சிறு கருவியின் சேமிப்பிடமோ 32 கிலோபைட்டு. அதன் செயல் நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. சேமிப்பிடம் முழுவதையும் ஒதுக்கினாலும் அதில் ஏறத்தாழ 400 படிவங்களே அடங்கும். மேலும், ஒவ்வொரு புதிய கல்லுக்கும் சேமித்த அனைத்தோடும் தொலைவு காண வேண்டியிருப்பதால் நேரமும் மின்னாற்றலும் செலவாகும்.

சுருக்கும் வழிகள்

1968இல் பீட்டர் ஹார்ட் ஒரு தீர்வை முன்வைத்தார். முதலில் ஒரு மாதிரியை மட்டும் சேமிக்க வேண்டும். அடுத்து வருவதைச் சேமிப்பைக் கொண்டே இனங்காண வேண்டும். விடை சரியானால் அதை விட்டுவிடலாம். தவறினால் சேமிப்பில் சேர்க்க வேண்டும். புதிதாக எதுவும் சேராத நிலை வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஓரினத்தின் நடுவே உள்ள மாதிரிகள் பெரும்பாலும் நீங்கிவிட, இரண்டு இனங்களின் எல்லையில் உள்ளவை மிகுதியாக எஞ்சும்.

இதில் ஓர் இடரும் உண்டு. தவறான பெயர் எழுதிய மாதிரி, தன்னைச் சூழ்ந்தவற்றோடு முரண்படும். எனவே, அதுவும் சேமிப்பில் தங்கிவிடக்கூடும்.

2017இல் பெங்களூரு மைக்ரோசாப்ட் ஆய்வகத்தினரும் பிறரும் இணைந்து ‘புரோட்டோஎன்என்’ என்னும் முறையை வெளியிட்டனர். இது அளவுகளின் எண்ணிக்கையைச் சுருக்குகிறது. மாதிரிகளுக்கு மாற்றாகச் சில முன்மாதிரிகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அம்முன்மாதிரி, கிடைத்த கற்களுள் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. பல கற்களுக்குப் பொதுவான வடிவாக அமையலாம். இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பதால், 2 கிலோபைட்டு செயல் நினைவகமுடைய கருவியிலும் இம்முறை இயங்கியது.

விடுவதில் கவனம்

இணைய இணைப்பு எட்டாத மக்காச்சோள வயலிலும், மின்கலத்தால் இயங்கும் சிறு கருவி அங்கேயே முடிவெடுக்க இத்தகைய முறைகள் துணைபுரியும். ஆயினும், மாதிரிகளைக் குறைக்கும்போது அரிதான இனமே முதலில் மறையும் வாய்ப்புண்டு. ஆயிரம் கற்களில் பத்தே கற்களாய்க் கிடைக்கும் இனத்தை முற்றிலும் தவறவிட்டாலும், 99 விழுக்காடு சரி என்றே கணக்குக் காட்டும். ஆகவே, மொத்த விழுக்காட்டோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் இனத்திலும் நேர்ந்த பிழையைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். நினைவைச் சுருக்குவோர் விட்டவற்றிற்கும் கணக்கு வைத்தல் கடமையாகும்.