தாடை மூட்டு ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு உருண்டு முன்னே நகர்வது தெரியும். அது கீழ்த்தாடையின் மேல்முனை. மண்டையோட்டில் உள்ள ஒரு குழிதான் அதற்கு இருப்பிடம். இவ்விரண்டும் சேருமிடமே தாடை மூட்டு. இரண்டும் உரசாதபடி நடுவே நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வாய் திறக்கத் தொடங்கும்போது முனை சுழலும். இன்னும் அகலத் திறந்தால், வட்டோடு சேர்ந்து குழிக்கு முன்னுள்ள எலும்பு மேட்டின்மீது சறுக்கி இறங்கும்.

இந்த மூட்டில் இயங்கும் தாடையின் அமைப்பைப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள முன்பின் வேறுபாட்டை ‘ஏ.என்.பி.’ கோணமாக அளப்பார்கள். அது 2 டிகிரியை ஒட்டி இருந்தால் முதல் வகை. 4 டிகிரியைத் தாண்டினால் இரண்டாம் வகை: பெரும்பாலும் கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் மூன்றாம் வகை: கீழ்த்தாடை முந்தி நிற்கும், அல்லது மேல்தாடை உள்வாங்கியிருக்கும்.

வகைக்கு ஏற்ப மூட்டும் மாறுமா? ஓரளவுக்கு மாறும். மூன்றாம் வகையினருக்குக் குழி அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டாம் வகையில், அதிலும் முகம் நீண்டவர்களுக்கு, முனை சிறுத்திருப்பது உண்டு. ஆனால் இவை சராசரிகள். ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

மூட்டின் எலும்பைப் பார்க்க ஏற்றது கோன் பீம் சி.டி. ஸ்கேன். முனை தட்டையாகியிருக்கிறதா, அரித்திருக்கிறதா என்பதோடு, குழிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளியையும் இதில் அளக்கலாம். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நலமான மூட்டுகளில் அளந்த சராசரி: முன்புறம் 1.3 மில்லிமீட்டர், மேலே 2.5, பின்னால் 2.1. இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் சி.டி.யில் வட்டு தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், வாயை மூடி ஒருமுறையும் திறந்து ஒருமுறையும் படமெடுப்பார்கள்.

அந்தப் படத்தையும் அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு இடம் மாறியிருந்தது.

ஸ்கேன் மிகவும் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. இளம்பெண்கள் சிலருக்கு முனை எலும்பு மெல்லக் கரைந்து கீழ்த்தாடை பின்வாங்கும். இதைக் கவனிக்காமல் தாடை அறுவை செய்தால், சரிசெய்த தாடை மறுபடியும் பின்னுக்குப் போகலாம். கரைவது நின்றுவிட்டதா என்பதை, சில மாத இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டுக் கணிக்கிறார்கள்.

மற்றபடி, பல்லுக்குக் கம்பி போடும் எல்லோருக்கும் சி.டி. தேவையில்லை. அதன் கதிர்வீச்சு வழக்கமான பல் எக்ஸ்-ரேயைவிட அதிகம். வலியில்லாமல் ‘டக்’ என்று சத்தம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். வலி இருந்தாலோ, வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, முகம் ஒரு பக்கமாகக் கோணினாலோ மருத்துவரைப் பாருங்கள். அவர் ஸ்கேன் எழுதினால், அதன் முடிவைப் பொறுத்து சிகிச்சையில் என்ன மாறும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.