எண்ணிக்கைக்கு வராத கருமுட்டைகள்



ஐயாவின் நினைவு மேடையில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். மலடி. எங்கள் சின்னம்மாவுக்கு ஊரில் அதுதான் பெயர்.

பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் 13 வயதில் களை வெட்டப் போனவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகு சித்தப்பா டேங்கை முதுகில் மாட்டி மருந்து அடிப்பார். சின்னம்மா குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து மருந்தைக் கலக்கி ஊற்றுவார். மறுநாளே அதே காட்டில் களை வெட்டு. ஒருநாள் பொறுத்துப் போகலாம் என்றால் ஒருநாள் கூலி போச்சு. மருந்து நனைந்த சட்டையைத் துவைப்பதும் அவர்தான். பத்து வருடம் கழித்து டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதிக் கொடுத்த சீட்டை நான் படித்திருக்கிறேன். கணவர் தொழில்: விவசாயக் கூலி. மனைவி தொழில்: வீட்டு வேலை.

மருந்தால்தான் சின்னம்மாவுக்குக் குழந்தை இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கருக்குழாய் அடைப்பு, கருப்பையைத் தாக்கும் காசநோய், கணவரின் விந்தணுக் குறைவு என்று காரணங்கள் பல. ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லையே, ஏன்?

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாத்ராப் என்ற ஊரின் ரசாயன ஆலை. மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டிபிசிபி அங்கே தயாரானது. அங்கு வேலை செய்த ஆண்கள், நம்மில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சோதித்தபோது பலரின் விந்தில் அணுக்கள் மிகக் குறைவு. சிலருக்கு அறவே இல்லை. இந்த மருந்து விலங்குகளின் விரையைச் சுருக்குகிறது என்று 1961லேயே அச்சில் வந்திருந்தது, அது வேறு கதை. இரண்டே ஆண்டில், 1979இல், அமெரிக்கா அதன் பயன்பாட்டை ஏறத்தாழ முழுவதுமாகத் தடை செய்தது. அங்கே வருகைப் பதிவேடு இருந்தது, சங்கம் இருந்தது. இன்னொன்றும் உண்டு: விந்தணுவை ஒரு குப்பியில் பிடித்து எண்ணிவிடலாம்.

கருமுட்டையை அப்படி எண்ண முடியாது. ஆணுடலில் விந்தணு நாள்தோறும் புதிதாக உருவாகிறது. பெண்ணுக்கோ, வாழ்நாள் முழுவதற்குமான முட்டைகள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்து மாதக் கருவில் அறுபது, எழுபது லட்சம். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். இழந்ததை ஈடுசெய்யப் புதிதாக வருவதில்லை என்பதே இன்றுவரை மருத்துவப் பாடம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்னம்மா வயிற்றில் இருந்தபோது எங்கள் அம்மாயியும் களைக்காட்டில்தான் நின்றார். கருவுற்ற ஒருத்தி மருந்துக் காற்றில் குனிந்து நிற்கும்போது அவளும், அவள் மகளும், அந்த மகளின் முட்டைகளும் சேர்ந்தே நிற்கின்றன. மூன்று தலைமுறைக்கு ஒரு கூலி.

சில ரசாயனங்கள் உடலின் சுரப்புநீர் போலவே நடிக்கும். எண்டோசல்பான் பெண் சுரப்புநீரான ஈஸ்ட்ரோஜனின் வேலையை ஓரளவு செய்து காட்டுவதை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. முட்டை முதிர, வெளிவர, கரு ஒட்ட உடல் அனுப்பும் சேதிகளுக்கு நடுவே பொய்ச் சேதி நுழைகிறது. காசர்கோட்டில் அரசின் முந்திரித் தோட்டங்கள்மேல் ஹெலிகாப்டரில் இருபது வருடத்துக்குமேல் தெளித்தார்கள். அதுபற்றி 2003இல் வெளியான முக்கியமான ஆய்வு, 117 பிள்ளைகளைச் சோதித்து, பருவமடைதல் தாமதமாவதைச் சொன்னது. அந்த 117 பேரும் ஆண் பிள்ளைகள்.

பெண்களை ஆராயவே இல்லையா என்றால், ஆராய்ந்திருக்கிறார்கள். 2018இல் அச்சான பாஸ்டன் ஆய்வு ஒன்று. செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்த 325 பெண்கள். மருந்தெச்சம் அதிகமுள்ள காய்கனிகளை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 26 சதவீதம் குறைவு. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. நல்ல ஆய்வுதான், குறை சொல்லவில்லை. அந்தத் தட்டுக்கு வரும் காயை எங்கோ ஒருத்தி குனிந்து பறித்திருக்கிறாள். சாப்பிட்டவளின் உடம்பில் தேடியவர்களுக்குப் பறித்தவளின் விலாசம் தெரியாது. தினக்கூலிக்கு ஏது பதிவேடு? சேரியில் பிள்ளை இல்லாதவளுக்கு அறிவியல் பெயர் வைப்பதற்குள் ஊர் பெயர் வைத்துவிடுகிறது.

போன ஆடியில் எங்கள் பகுதியில் பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். எந்தத் தேதி, யார் காடு, டப்பாவில் என்ன பெயர், அடித்து எத்தனை நாளில் உள்ளே இறங்கினோம், யாருக்கு மாதவிலக்கு தள்ளியது, யாருக்குக் கரு கலைந்தது. எழுதத் தெரியாதவர்கள் டப்பாவின் லேபிளையே கிழித்து ஒட்டுகிறார்கள். சின்னம்மாவுக்கு இப்போது 61 வயது. கரு கலைந்த கணக்கை எழுதும்போது, "எனக்கும் ரெண்டு எழுதிக்கம்மா" என்றார். அவருக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.