பல்கலைக்கழகக் கோப்புகளும் காகிதக் கழிவும்

மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்கும் நிறுவனங்களைத் தனி வகையாகப் பிரித்து, அந்த வரையறைக்குள் பல்கலைக்கழகங்களையும் பெயர் சொல்லியே சேர்த்தன. அதன் பின்னர் பல வளாகங்களில் பச்சை, நீலத் தொட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கச் சொல்லும் பலகைகளும் எழுந்தன. அவை தேவையானவைதாம். ஆயினும் பதிவாளர் அலுவலகம், தேர்வுத் துறை, நிதிப் பிரிவு போன்ற நிர்வாகப் பிரிவுகளில் கழிவு தொட்டியருகே பிறப்பதில்லை. எத்தனை நகல் எடுப்பது, எதை யாருக்கு அனுப்புவது, எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று முடிவுசெய்யும் அலுவலக நடைமுறையிலேயே அது பிறந்துவிடுகிறது. ஆகவே மறுசுழற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நடைமுறையைப் பார்ப்பதே முறையாகும்.

காகிதத்தின் எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் இருக்கும் என்பதைக் குறிக்கும் அளவே ஜி.எஸ்.எம். எனப்படுகிறது. 80 ஜி.எஸ்.எம். காகிதத்தில் ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம் எடையுள்ளது; 500 தாள் கொண்ட ஒரு ரீம் 2.5 கிலோ. ஆட்சிக்குழுக் கூட்டம் ஒன்றுக்கு 200 பக்க நிகழ்ச்சிநிரலும் இணைப்புகளும் தயாராகி, அவை 20 உறுப்பினர்களுக்கு ஒரு பக்க அச்சில் வழங்கப்படுவதாகக் கொண்டால், அந்த ஒரு கூட்டத்திற்கே 4,000 தாள்கள், அதாவது எட்டு ரீம் அல்லது 20 கிலோ காகிதம் செலவாகிறது. கூட்டம் முடிந்த மறுநாள் அதில் பெரும்பகுதிக்கு எந்தப் பயனும் இல்லை. இருபுறமும் அச்சிட்டால் செலவு பாதியாகும். உறுப்பினர்களுக்குக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினால் ஏறக்குறைய இல்லாமலே போகும். 80-க்குப் பதிலாக 70 ஜி.எஸ்.எம். தாளை வாங்கினாலும் எடையில் எட்டில் ஒரு பங்கு குறையும் என்பதால், ஒப்பந்தப்புள்ளியில் எழுதப்படும் ஓர் எண்ணுக்கும் இதில் பங்குண்டு.

அரசுத் தாள் என்றால் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சிட வேண்டும் என்ற எண்ணம் பல அலுவலகங்களில் இன்றும் வேரூன்றியிருக்கிறது. இந்தியாவில் நடைமுறையை மிகக் கண்டிப்பாகப் பேணும் நிறுவனம் ஒன்று உண்டென்றால் அது உச்ச நீதிமன்றம். அந்த நீதிமன்றமே 2020-ஆம் ஆண்டில் நீண்ட லீகல் தாளையும் ஒரு பக்க அச்சையும் விட்டு, ஏ4 தாளின் இருபுறமும் அச்சிடும் முறைக்கு மாறியது. வழக்கு மனுவுக்குப் பொருந்துவது சுற்றறிக்கைக்கும் விடுப்பு விண்ணப்பத்திற்கும் பொருந்தாது என்று கூற எந்தக் காரணமும் இல்லை.

இதைவிடக் கவலைக்குரியது, பல்கலைக்கழகம் தான் வழங்கிய ஆவணத்தையே மீண்டும் நகலாகக் கேட்பதாகும். இடப்பெயர்வுச் சான்றிதழுக்கோ பட்டச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கும் மாணவர் தம் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களின் ஒளிநகலையும் இணைக்க வேண்டியிருக்கிறது; ஆனால் அந்த மதிப்பெண்கள் அதே கட்டடத்தின் கணினியில் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. தேசியக் கல்விசார் ஆவணக் காப்பகம் என்னும் அமைப்பின் வழியே பட்டங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் டிஜிலாக்கரில் வைத்துச் சரிபார்க்கும் வசதியும் வந்துவிட்டது. இருந்தும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் ஒரு கட்டுத் தாள் சேர்ந்துகொண்டே இருப்பது, மாணவரின் பணத்தையும் அலுவலகத்தின் இடத்தையும் ஒருசேர வீணாக்கும் வழக்கம். அதை ஒரே சுற்றறிக்கையால் நிறுத்திவிட முடியும்.

தேர்வுத் துறையின் நிலை சற்று வேறானது. விடைத்தாள் வெறும் காகிதமன்று. மாணவர் ஒருவரின் உரிமைக்குச் சான்று. திருத்தப்பட்ட தம் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பார்வையிடும் உரிமை தேர்வருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, விடைத்தாளைப் பாதுகாக்க விதிக்கப்பட்ட காலம் வரைதான் அதைக் காட்டும் கடமை நீடிக்கும் என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே விடைத்தாளை அவசரப்பட்டு அழிப்பதும் தவறு. காலம் கடந்த பிறகும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக் கரையானுக்கும் ஈரத்திற்கும் இரையாக்குவதும் தவறு. உரிய நாளில் எடுத்தால் நல்ல கூழாகக்கூடிய காகிதம், ஈரத்தில் பூஞ்சை பிடித்த பின்பு எந்த ஆலைக்கும் ஏற்றதாக இருப்பதில்லை.

பதிவறையில் குவியும் பழைய கோப்புகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டு அரசு அலுவலக நடைமுறையில், முடிந்த கோப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பது அதை முடிக்கும்போதே குறிக்கப்படுகிறது: நி.மு. என்பது நிரந்தரமாக வைக்கப்படுவது, ப.மு. பத்தாண்டுக்கு, மூ.மு. மூன்றாண்டுக்கு, ஓ.மு. ஓராண்டுக்கு. கழிவைக் குறைக்க இதைவிட நேர்த்தியான கருவியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறை அந்த முறையில் இல்லை. பொறுப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஓராண்டுக் கோப்பையும் யாரும் அழிக்கத் துணியாததில்தான் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை பதிவறையைச் சரிபார்த்து, காலம் முடிந்தவற்றைப் பட்டியலிட்டு, எழுத்தாணை பெற்று வெளியேற்றும் பல்கலைக்கழகத்தில் புதிய அலமாரிகளுக்கான தேவையும் குறையும்.

இவ்வாறு வெளியேறும் காகிதம் ஆலையில் என்னவாகிறது என்பதை அறிந்தால், அலுவலகத்தில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தானே விளங்கும். பழைய காகிதம் முதலில் நீரில் கரைக்கப்பட்டு நாராகிறது. பின்னர் சோப்பு போன்ற வேதிப்பொருள்கள் மையை நாரிலிருந்து விடுவிக்க, கீழிருந்து செலுத்தப்படும் காற்றுக்குமிழிகள் மைத்துகள்களை நுரையோடு மேலே கொண்டுவருகின்றன. அந்த நுரை வழித்தெடுக்கப்படுகிறது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் கரூர் மாவட்டம் காகிதபுரத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்திலும் இவ்வாறு மை நீக்கும் ஆலை உண்டு. லேசர் அச்சுப்பொறியின் டோனர் உண்மையில் நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டுவதால் அதைப் பிரிப்பது சாதாரண மையைப் பிரிப்பதைவிடக் கடினம். ஸ்டேப்ளர் பின்களை ஆலையின் சல்லடையும் காந்தமும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை, செலோடேப், கார்பன் தாள், ரசீது அச்சிடும் வெப்பத்தாள், எண்ணெய் பட்ட பொட்டலக் காகிதம் ஆகியவை கூழைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு சுழற்சியிலும் நார் குட்டையாவதால் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் அது தாங்காது. ரகசியம் காக்கும் பொருட்டு எல்லாத் தாளையும் துண்டாக்கும் இயந்திரத்தில் போடுவதும் நாரைக் குறுக்கிவிடும் என்பதால், விடைத்தாள் போன்றவற்றை முழுத் தாளாகவே ஆலைக்கு அனுப்பி, அலுவலர் முன்னிலையில் கூழாக்கச் செய்வதே மேலானது.

காகிதத்தைவிட ஆபத்தான கழிவுகள் அதே அறைகளின் மூலைகளில் கிடக்கின்றன. பழுதான கணினி, அச்சுப்பொறி, தீர்ந்த காட்ரிட்ஜ் ஆகியவை கழிவு செய்யும் உத்தரவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, இறுதியில் ஏலத்தில் காயலான் கடைக்குப் போய்ச்சேரும் நிலை மாற வேண்டும். அங்கே செம்புக்காகக் கம்பிகள் எரிக்கப்படும்போது நச்சுப்புகையை உள்ளிழுப்பவர்கள் ஏழைத் தொழிலாளர்களே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், ஓராண்டில் ஏதேனும் ஒரு சமயத்தில் 1,000 கருவிகளையேனும் பயன்படுத்தும் நிறுவனத்தைப் பெருநுகர்வோர் என வகைப்படுத்தி, பதிவுபெற்றவர்களிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்கப் பணிக்கின்றன. பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இந்த எண்ணிக்கையை எளிதில் தாண்டிவிடும். யு.பி.எஸ். கருவிகளின் ஈய மின்கலங்களுக்கு 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் தனியே உள்ளன.

தேநீர்க் குவளையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அடங்கும். அலுவலகத்தில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் இருந்தால் போதும்.

இத்தனையிலும் பொருட்செலவு வேண்டுபவை மிகக் குறைவு. பதிவாளரின் கையொப்பம் வேண்டுபவையே மிகுதி. ஆகவே துணைவேந்தர்களும் பதிவாளர்களும் புதிய தொட்டிகளை வாங்குவதற்கு முன், இருபுற அச்சைக் கட்டாயமாக்கியும், தம் கணினியில் உள்ள ஆவணத்தின் நகலை மாணவரிடம் கேட்கக் கூடாதென்று விதித்தும், பதிவறையை ஆண்டுதோறும் சீர்செய்யப் பணித்தும் ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணையை முதலில் தம் அலுவலகத்திலேயே நடைமுறைப்படுத்தவும் வேண்டும்.